‘அக்செப்ட் பண்ணாதலே’

2007ஆம் ஆண்டு பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டு, ஆட்டோகிராப் நோட்டைக் கடமைக்காகத்தான் நீட்டியது. மனத்தில் உள்ளதை ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் எழுதிக்கொள்ளலாம் என்ற தைரியம் எங்களுக்கு வந்துவிட்டிருந்தது. 2004 ஜனவரியில் கூகுள் தொடங்கிய அந்தத் தளத்தின் பெயர், அதை உருவாக்கிய துருக்கியப் பொறியாளரின் பெயர் என்பதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது.

பாளையங்கோட்டை முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள் ஒருவர் அமரும் இடத்தில் மூவர் இடித்துக்கொண்டு அமர்ந்து, ஆளுக்கு 20 நிமிடம் என்று பங்கு போட்டுக்கொள்வோம். எவனும் தன் முகத்தைப் படமாக வைத்ததில்லை. விஜய், சூர்யா, இல்லையென்றால் ஒரு ரோஜாப்பூ. அந்தக் கணினியில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் ‘எங்கலே இருக்க’ என்பதைக்கூட ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். எங்கள் நெல்லைப் பேச்சின் ‘லே’ மட்டும் போகவில்லை.

ஒருவர் பக்கத்தில் மற்றவர்கள் செய்தி எழுதிப்போகும் ஸ்கிராப் புத்தகம் தெருத்திண்ணை போன்றது, போகிற வருகிறவரெல்லாம் படிக்கலாம். இரகசியத்துக்கு டெஸ்டிமோனியல்தான் வழி. நண்பனுக்கு நாம் எழுதும் அந்த நற்சான்று, அவன் ஏற்றுக்கொண்டால்தான் ஊருக்குத் தெரியும். அதுவரை அவன் கண்ணுக்கு மட்டுமே. ஆகவே முதல் வரியில் ‘அக்செப்ட் பண்ணாதலே’ என்று எழுதிவிட்டுச் சொந்தக் கதையைக் கொட்டுவோம்.

கோவையில் பொறியியல் சேர்ந்த என் பெஞ்சுக்காரன், முதல் செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்ததையும் அதை வீட்டில் மறைத்ததையும் அப்படித்தான் எழுதியிருந்தான். “தம்பி, நேரம் ஆச்சு” என்று சென்டர் அண்ணாச்சி குரல் கொடுத்த அவசரத்தில் நான் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அமுக்கிவிட்டேன். சென்னையிலிருந்த அவன் அண்ணன் அன்றிரவே படித்துவிட, மறுநாள் காலையில் பாளை மார்க்கெட்டில் கடை வைத்திருந்த அவன் அப்பா வரை செய்தி போய்ச் சேர்ந்தது. மூன்று மாதம் அவன் என்னோடு பேசவில்லை. கோடை விடுமுறையில் குறுக்குத்துறை ஆற்றங்கரையில் எதிர்ப்பட்டவன், முகம் பார்க்காமல், “புளூடூத்தை ஆன் பண்ணு” என்றான். ஒரு பாட்டு வந்து சேரும்வரை இரண்டு நோக்கியாக்களையும் படித்துறைக் கல்லில் ஒட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பேச்சு அப்படித்தான் திரும்பியது.

ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. அவரவர் எழுத்தை இறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை அவகாசம் இருந்ததால், அந்த டெஸ்டிமோனியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் அவனிடம் இதை இந்தச் சிறப்பு மலருக்கு எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோ. மலர்க்குழுக்காரங்களயாவது அக்செப்ட் பண்ணுமுன்ன ஒருதடவ யோசிக்கச் சொல்லுலே” என்றான்.