நந்தி ஹால்ட்: மலைக்குப் போகிறவர்கள் இறங்காத ஸ்டேஷன்

பெங்களூர்க்காரர்களுக்கு நந்தி மலை என்றால் ஞாயிறு விடியற்காலை, கார் வரிசை, பனிமூட்டத்தில் செல்ஃபி. அடிவாரத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருப்பதை அல்சூரில் எங்கள் தெருவில் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற மாமாதான், "பெட்ரோல் எதுக்குடா தண்டம்? வா" என்று சிக்கபள்ளாப்பூர் வண்டியில் ஏற்றினார்.

எலகங்கா தாண்டினால் தொட்டஜாலா, தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி. அப்புறம் நந்தி ஹால்ட். எங்களோடு இறங்கியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்தான்.

கல் சுவர், ஓட்டுக்கூரை, பூட்டிய கதவு. டிக்கெட் கொடுத்த ஜன்னல் ஒரு கை நுழையும் அளவுதான். 1915-இல் இந்தப் பக்கம் ரயில் வந்தபோது அது இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய குட்டி வண்டி. அப்போது மைசூர் திவானாக இருந்தவர் விஸ்வேஸ்வரய்யா. அவர் பிறந்த முத்தேனஹள்ளி இங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சொந்த ஊருக்கு ரயில் வந்ததில் அவருக்கும் கொஞ்சம் சந்தோஷம் இருந்திருக்காதா என்ன! பாதை பின்னர் பட்டுக்கூட்டுக்குப் பேர்போன சிட்லகட்டா வழியாகக் கோலார், பங்காருப்பேட்டை வரை இணைந்தது.

90-களில் சிக்கபள்ளாப்பூர் வரை அகலப்பாதை ஆனது. அதற்கப்பால் கோலார் வரை அகலப்பாதையில் வண்டி ஓட 2013 ஆகிவிட்டது.

"ஸ்டேஷன் மாஸ்டர் ஏன் மாமா இல்ல?" என்றேன்.

"ஒத்தை லைன்ல எதிர் வண்டிக்கு ஒதுங்க லூப், அதாவது பக்கத்துல இன்னொரு தண்டவாளம், இருந்தாத்தான் அவருக்கு வேலை. லூப் இல்லைன்னா கொடி காட்டவும் ஆள் வேண்டாம். வண்டி நிக்கும், போகும். அதான் ஹால்ட்."

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்பு ரயில்வேயோடு சேர்ந்து இந்தப் பாதையின் பழைய கட்டடங்கள் சிலவற்றைச் சீர்செய்திருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் சீர்செய்துவிட்டுப் பூட்டி வைப்பானேன்? எனக்கு அருங்காட்சியகம் கூட வேண்டாம். ஒரு டீக்கடை போதும்.

இங்கே வந்தால், 'போக நந்தீஸ்வரர்' கோயிலை விட்டுவிடாதீர்கள். பழைய கோயில், சோழர் கைபட்டது. நம்மவர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு. திரும்பும் வண்டியின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். தவறவிட்டால் மெயின் ரோடு போய் பஸ்தான்.