குழு உடைவது நோட்டில்தான்

1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுவின் அடிப்படை இன்றும் மாறவில்லை: 12 முதல் 20 பேர், தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன். 15 பேர் வாரம் 50 ரூபாய் போட்டால் 26 வாரத்தில் 19,500 ரூபாய். அதை வங்கியில் தூங்க விடாமல் உறுப்பினருக்குள்ளேயே கடனாகச் சுற்ற விடுங்கள். கந்துவட்டிக்காரர் வாசலை மிதிக்க வேண்டியிருக்காது.

ஒருவரே கணக்கெழுதி நோட்டை வீட்டில் வைத்துக்கொண்டால் சந்தேகம் முளைக்கும். கூட்டத்திலேயே பணத்தை எண்ணி, தொகையை உரக்கப் படித்து, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் அங்கேயே பதியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது காதில் விழ வேண்டும்.

வங்கிக் கடனைச் சமமாகப் பிரிப்பது பெரிய தப்பு. கறவை மாடு வாங்குபவருக்குப் பத்தாயிரம் எந்த மூலைக்கு? தேவை பார்த்துக் கொடுங்கள். மாட்டுக்குக் காப்பீடு அவசியம். காப்பீட்டு அடையாளமாக மாட்டின் காதில் மாட்டும் காதுவில்லை விழுந்தால் உடனே தெரிவித்து மறுவில்லை போடுங்கள், இல்லையென்றால் இழப்பீடு சிக்கலாகும்.