எலும்பு முறிவுக் காயத்தை எதைக் கொண்டு கழுவுவது?

எலும்பு முறிந்து தோலையும் கிழித்துவிட்ட காயத்தில், தகடோ கம்பியோ பொருத்துவதற்கு முன்பு, ஒட்டியிருக்கும் மண்ணும் துணி இழைகளும் போகும்வரை கழுவியாக வேண்டும். சோப்புக் கரைசலா, வெறும் உப்புநீரா என்ற கேள்விக்கு, 2015-இல் வெளியான ஃப்ளோ (FLOW) என்ற மருத்துவ ஆய்வு, குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்பட்ட 2,447 நோயாளிகளின் தரவுகளைக் கொண்டு விடை தந்தது. ஓராண்டுக்குள் மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டோர் சோப்புக் குழுவில் 14.8 சதவீதம், உப்புநீர்க் குழுவில் 11.6 சதவீதம். அப்படிக் குலுக்கல் முறையில் பிரிக்காமல் மருத்துவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தால், அழுக்கு மிகுந்த காயங்களுக்கே சோப்பு போயிருக்கக்கூடும்; வேறுபாட்டுக்குக் காரணம் சோப்பா, காயத்தின் கடுமையா என்று பிரித்தறிய முடியாமல் போயிருக்கும். வலியோடு படுத்திருந்த நிலையிலும் இதில் பங்கேற்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதே ஆய்வு ஒப்பிட்டுப் பார்த்த இன்னொன்றான, நீரைப் பீய்ச்சும் அழுத்தம் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஆகவே, விலையுயர்ந்த பீய்ச்சுக் கருவி இல்லாத மருத்துவமனையிலும் காயத்தை முறையாகக் கழுவலாம் என்பதையே இதன் பெரும்பயனாகக் கருதுகிறேன்.