கழற்சிக்காய் நிறத்தில் ஒரு பூனை

கழற்சிக்காய் பார்த்திருப்பீர்கள்தானே? சாம்பல் பூத்த அந்த வழவழப்பான நிறம்தான் தாய்லாந்தின் கோராட் பூனைக்கு. அங்கே பெயரே ‘சி சவாத்’. சி என்றால் நிறம், சவாத் என்றால் கழற்சி!

பலர் இதை ரஷ்யன் ப்ளூ என்ற வேறொரு சாம்பல் பூனை இனம் என்று நினைத்துவிடுகிறார்கள். முடியை எதிர்த்திசையில் கோதிப் பாருங்கள். ரஷ்யன் ப்ளூவுக்கு அடியில் அடர்ந்த உள்முடி இருக்கும். கோராட்டுக்கு ஒற்றை அடுக்குதான். வேரில் வெளிறி, மேலே போகப்போகக் கருத்து, நுனியில் வெள்ளி மின்னும். குட்டிக்குக் கண் பச்சையாக இல்லையே என்று ஒதுக்காதீர்கள், முழுப் பச்சை வர 2 முதல் 4 வருடம் ஆகும்.

வாங்குமுன் தாய், தகப்பன் இரண்டின் ஜிஎம்1, ஜிஎம்2 (நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பரம்பரை நோய்கள்) மரபணுச் சோதனை முடிவையும் கேளுங்கள். இரண்டுமே ஒரே குறையைச் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சில மாதத்திலேயே நடுக்கம், தள்ளாட்டம் தொடங்கும். குணப்படுத்த வழியில்லை.