கையேட்டில் ஒரு வரி

கும்பகோணத்தில் இருந்துகொண்டு கலை பற்றி எழுதியும், பிறர் எழுதியவற்றைச் செம்மைப்படுத்தியும் பிழைக்கிறேன். மாதச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் கூலி பேசிக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு, சுவாமிமலையில் வார்க்கப்பட்ட இருபத்திரண்டு உலோகத் தெய்வப் படிமங்களின் கண்காட்சிக் கையேட்டைத் திருத்தித் தரும் பணி வந்தது. அமைப்பாளர் அனுப்பிய வரைவின் முதல் பக்கத்திலேயே, இப்படிமங்கள் ‘சோழர் காலத்து அச்சுகளிலேயே இன்றும் வார்க்கப்படுகின்றன’ என்று இருந்தது.

அது தவறு என்று அறிவேன். எனினும், கண்ணால் பார்க்காமல் பிறர் எழுத்தில் கைவைக்கக் கூடாது என்பதால் பட்டறைக்குச் சென்று மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். ஸ்தபதி ஐயா, படிமத்தின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலை ஒன்றை மடித்து மடித்து, முகம், மார்பு, இடை ஆகியவற்றின் அளவுகளைக் குறித்துக்கொண்டார். உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம் என்பதும், அந்த அங்குலம் நம் அளவுகோலின் அங்குலமன்று, அந்தப் படிமத்தின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவு என்பதும் அந்த ஓலையைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெளிவாக விளங்கின. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பிசைந்து வடித்த உருவின் மேல் முதலில் நுண்ணிய காவிரி வண்டலைப் பூசுகிறார்கள். நகக்கண் அளவு நகைவேலையும் அந்த முதல் பூச்சில்தான் பதிகிறது. பிறகு தடித்த மண் ஏறி, நிழலில் உலர்ந்து, கம்பி கட்டப்பட்டு, சூட்டில் மெழுகு உருகி வெளியேறியதும், அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்குகிறது. பழைய அச்சு எதையாவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“அச்சை உடைச்சாத்தானேம்மா சாமி வெளியே வரும்?” என்றார் ஐயா.

அமைப்பாளருக்கு இதை விளக்கி எழுதினேன். பழைய வரிதான் வாங்குவோரை ஈர்க்கும் என்று அவர் பதில் எழுதினார். இரண்டு வாரம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில், ‘ஒவ்வொரு படிமமும் தனக்கென அமைந்த மண்ணச்சில் ஒரே முறை வார்க்கப்பட்டது; அந்த அச்சு இப்போது இல்லை’ என்ற வரியை அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார். உண்மையைச் சொன்னால் பொருளின் மதிப்புக் குறையும் என்ற அச்சம் இத்துறையில் பலருக்கு இருக்கிறது. என் அனுபவத்தில் அப்படிக் குறைந்ததேயில்லை.

கையேட்டில் ரிஷபவாகனர், அதாவது காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவன், படிமம் ஒன்றும் இருந்தது. அதன் குறிப்புக்காகத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய், 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு மூலத்தை ஒரு முற்பகல் முழுவதும் பார்த்தேன். காளை இன்று இல்லை. ஆனாலும் சற்றே மடங்கித் தளர்ந்திருக்கும் அந்தக் கையைக் காண்கையில் காளையின் உயரத்தையே ஊகிக்க முடிகிறது. வரைவில் அந்தக் கைக்கு ‘அபய முத்திரை’ (அஞ்சேல் எனக் காட்டும் கை) என்றிருந்ததை நீக்கி, கை எதன்மேல் ஊன்றியிருந்தது என்று எழுதினேன்.

பணம் முப்பது நாளில் என்று பேசியிருந்தும், மூன்று நினைவூட்டல்களுக்குப் பிறகு எழுபதாம் நாள்தான், பத்து விழுக்காடு வரிப்பிடித்தம் போக வந்து சேர்ந்தது. பிடித்த வரி என் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதைப் வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்-இல் சரிபார்த்துக்கொண்டேன். தனியாகத் தொழில் செய்பவர் எவரும் இதைத் தள்ளிப்போடலாகாது.

அச்சான பிரதியைப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா மண்ணச்சு பற்றிய அந்த வரியை மகனிடம் உரக்கப் படித்துக் காட்டினார். பின்னர் பக்கங்களைப் புரட்டி, ஏழாம் படிமத்தின் உயரத்தில் பீடமும் சேர்ந்துவிட்டது என்று சுட்டிக்காட்டி, ஓலையை எடுத்து அளந்தும் காட்டினார். மறுபதிப்புக்கான திருத்தங்களில் அதை முதலாவதாகக் குறித்துக்கொண்டேன்.