மாமா, வாங்க

ஜூலை 19, 2025, சனி
வியாழன் ஆடி அமாவாசை. காக்காயை இன்றிலிருந்தே பழக்கணும். பகல் பன்னிரண்டு, மொட்டை மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி சோறு. புது இடத்தையும் புதுத் தட்டையும் காக்காய் சட்டென்று நம்பாது. எவர்சில்வர் வேண்டாம், இலைத் துண்டு போதும். சோறு நன்றாக ஆறியிருக்கணும்.

ஜூலை 20, ஞாயிறு
வந்தது புறா.

ஜூலை 21, திங்கள்
ஆச்சி ‘கா கா’ என்று கூப்பிட்டதே இல்லை. ஓட்டு விளிம்பில் சோற்றை வைத்துவிட்டு, “மாமா, வாங்க” என்பாள். காக்காய் இறங்கியதும் முந்தானையால் தோளை மூடிக்கொண்டு கதவோரம் ஒதுங்குவாள். எனக்கு ஆறு வயது. நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மாடிச் சாவி வாட்ச்மேனிடம். வியாழனுக்கு இன்றே சொல்லி வைக்கணும்.

ஜூலை 22, செவ்வாய்
பிரண்டை கிடைத்தது, முற்றல். நுனியிலிருந்து மூன்று நான்கு கணு வரைதான் தேறும். கணுவை நறுக்கி எறிந்து, ஓரத்து நாரை உரிக்கணும். கையில் நல்லெண்ணெய் தடவாவிட்டால் அரிப்பு பிடுங்கும். உள்ளே இருப்பது கால்சியம் ஆக்சலேட், ஊசி ஊசியாய். இரண்டு கைப்பிடிக்கு மூன்று கரண்டி எண்ணெய். பச்சை போய்ப் பழுப்பாகும்வரை வதக்கல். இதில் அவசரப்பட்டால் எவ்வளவு புளி வைத்தாலும் தொண்டை நமநமக்கும்.

ஆச்சி கணக்கில் பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு. கூட எட்டு வைத்தால் 1008. பலாக்காய் கிடைக்கவில்லை. அறுநூறு குறைகிறது.

ஜூலை 23, புதன்
காக்காய் ஒன்று. கைப்பிடிச் சுவரிலிருந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, இறங்கவில்லை. நான் பக்கத்தில் நின்றதுதான் தப்பு. பத்தடி தள்ளிக் கதவுக்குப் பின்னால் நிற்கணும். ஆச்சி ஒதுங்கியது மரியாதைக்கா, இதற்கா?

அண்ணன் பாபநாசம் போகிறான். சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைத்தால் சரி. எனக்குக் குழாய்த் தண்ணீர்.

ஜூலை 24, வியாழன்
வாசலில் கோலம் இல்லை. தெற்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. கறுப்பு எள்ளை ஈரக் கையால் அள்ளக் கூடாது, அப்பிக்கொள்ளும். அப்பிக்கொண்டது.

12.10. இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய், துவையல். கதவிடுக்கில் நிற்கிறேன். தொட்டி மேல் இரண்டு.

கூப்பிடணும். ஆச்சியை ஆயுசுக்கும் ‘வா’ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது ‘வாங்க’வா?

12.25. வாட்ச்மேன் சாவிக்கு நிற்கிறார்.