ஒரு வரி விடுபட்டிருக்கிறதா?

அந்தக் கேள்வியை நான் நீக்கி நாலு மாதம் ஆகிறது. செய்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

நாற்பது வருடப் பழைய நாவல், மின்னூலாக மறுபடி வருகிறது. ஸ்கேன் பிழைகளைத் திருத்த வேண்டும், பட்டங்களும் தேதிகளும் பார்க்க வேண்டும், சந்தேகம் இருந்தால் எழுதியவருக்கு ஏக்யூ, அதாவது ஓரத்தில் ஒரு கேள்வி, போட வேண்டும். 1814 லண்டன். ஒரு ட்யூக், கடனில் மூழ்கிய வீட்டுப் பெண், அவசரக் கல்யாணம். அப்புறம் அந்தப் படுக்கையறை அத்தியாயம்.

நான் அதுவரை இரண்டு கேள்வி போட்டிருந்தேன். வேலைக்காரர் ட்யூக்கை ‘மை லார்ட்’ என்கிறார், ‘யுவர் கிரேஸ்’ என்றல்லவா இருக்க வேண்டும்? அவளுக்கு வயது 19. 1753ஆம் வருடத் திருமணச் சட்டப்படி, 21 நிரம்பாதவர் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்ய அப்பாவின் சம்மதம் தேவை. அது கதையில் எங்கே?

மூன்றாவது கேள்வி என்னுடையது இல்லை. எங்கள் டீமில் சேர்ந்து எட்டு மாதமே ஆன பெண் போட்டது. “இங்கே அவள் மூன்று முறை மறுக்கிறாள். அடுத்த வரியில் அவன் தொடர்கிறான். இடையில் ஒரு வரி விடுபட்டிருக்கிறதா?”

ஸ்கேன் பிரதியில் வரிகள் விடுபடுவது சகஜம். அதனால் அச்சுப் பக்கத்தை எடுத்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் விடுபடவில்லை. அது அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

“அந்தக் காலத்துச் சட்டம் அப்படித்தான்மா. கல்யாணம் ஆயிட்டாலே சம்மதம்னு அர்த்தம்” என்றேன். பொய் சொல்லவில்லை. மேத்யூ ஹேல் என்ற நீதிபதி எழுதி 1736இல் அச்சான அந்தக் கருத்தை, இங்கிலாந்தில் பிரபுக்கள் அவை 1991இல்தான் தூக்கி எறிந்தது. நம் நாட்டில், மனைவியைக் கணவன் பலவந்தம் செய்தால் அது வன்புணர்வு ஆகாது என்ற விலக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

“சட்டம் சரி மேம். ஆனா அடுத்த பக்கத்துலயே அவளுக்கு அவன் மேல காதல் வந்துடுதே, அது எந்தச் சட்டம்?”

“அது எழுதினவங்க இஷ்டம். நம்ம வேலை இல்ல.” சொல்லிவிட்டு நானே நீக்கினேன்.

நம் வேலை இல்லைதான். எழுத்தாளரின் கதையில் கை வைக்கக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான். அதோடு, இந்த வகை நாவல்கள் எனக்குப் பிடிக்கும். கல்லூரி நாட்களில் வாடகை நூலகத்திலிருந்து செய்தித்தாள் அட்டை போட்டு எடுத்து வந்து படித்திருக்கிறேன். வண்டிக்குள் அவளுடைய நீளக் கையுறையின் பொத்தான்களை அவன் ஒவ்வொன்றாகக் கழற்றுவான், மணிக்கட்டு மட்டும்தான் தெரியும், அதற்கே மூச்சு நிற்கும். ஒரே ஆளோடு மூன்றாவது முறை ஆடினாலே ஊர் பேசும் என்ற உலகத்தில் ஒரு மணிக்கட்டு அவ்வளவு பெரிய விஷயம். பெண்ணின் ஆசையைக் கதையின் நடுவில் வைத்தவை இவை. பெரும்பாலும் பெண்கள் எழுதி, பெண்கள் படித்தவை. ஆசைப்படுவதே குற்றமாக இருந்த பெண்ணுக்கு, பழி தன் மேல் விழாமல் ஆசைப்பட அந்தப் பலவந்தம் ஒரு வழி என்று சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது முழுக்கப் பொய் என்று இப்போதும் தோன்றவில்லை.

ஆனால் கையுறைக் காட்சி என் நினைவில் நிற்பதற்குக் காரணம், ஒவ்வொரு பொத்தானுக்கும் அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். அந்த நாவலும் 1814தான். சட்டமும் அதேதான்.

அந்தப் பெண் அப்புறம் எதுவும் சொல்லவில்லை. இப்போது அவள் அனுப்பும் ஏக்யூக்கள் சுத்தமாக இருக்கின்றன. எழுத்துப்பிழை, தேதி, ஊர்ப் பெயர். நல்ல எடிட்டராகிவிட்டாள் என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

கேட்டிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும், பழைய புத்தகத்தில் யார் கை வைப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதில்கள் மூன்று வாரத்தில் வந்தன. ‘யுவர் கிரேஸ்’ சரியென்று எழுத்தாளர் ஏற்றுக்கொண்டிருந்தார். அப்பாவின் சம்மதத்துக்கு நன்றி சொல்லி, அதற்கென்று புதிதாக ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்.